உன் அறைச் சுவர் காய்கிறது

அன்புள்ள மகளுக்கு,

கால் எலும்பு நன்றாகக் கூடிவிட்டது. கைத்தடி இல்லாமலே பின்வாசல் வரை போய் வருகிறேன். போனில் கால் பற்றியே பேசி முடித்துவிடுகிறோம். வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

மாடி ஏற முடியாததால் நான்கு மாதமாக உன் அறையில்தான் எனக்குப் படுக்கை. கண் விழித்தால் எதிரே ஜன்னலோரச் சுவர். முழங்கால் உயரத்துக்கு வெள்ளையாக உப்புப் பூத்து, பெயின்ட் பொருக்குப் பொருக்காக எழும்பியிருந்தது. விரல் வைத்தால் பொடியாகக் கொட்டியது. "சுவர் ஈரமா இருக்குப்பா, புத்தகமெல்லாம் பூசண வாசனை" என்று நீ எத்தனை முறை சொல்லியிருப்பாய்! நானும் ஒவ்வொரு முறையும் சுரண்டிவிட்டு மேலே பெயின்ட் அடித்தேன். நின்று பார்த்ததில்லை, அம்மா.

ஒரு நாள் நல்ல மழை. படுத்தபடியே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஆறாவது படிக்கும்போது, சேறு உள்ளே வரக்கூடாது என்று பின்பக்கம் முழுக்க சிமென்ட் போட்டேன் அல்லவா? அந்தத் தரை சுவர்ப் பக்கமாகவே சரிந்திருக்கிறது. பெய்த தண்ணீரெல்லாம் உன் சுவரடியில் வந்து தேங்கி நின்றது. செங்கல் அதைக் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. இத்தனை வருடம் நீ ஈரச் சுவரோரம் படுத்துப் படித்தாயே என்று மனசு கஷ்டப்பட்டது.

சிமென்ட்டை உடைத்து எடுக்கச் சொல்லிவிட்டேன். மண்ணை உள்தரைக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறக்கி, வெளிப்பக்கமாக வாட்டம் கொடுத்தாயிற்று. சுவர்ப் பூச்சையும் கொத்திவிட்டோம். செங்கல் சுவர் மாதத்துக்குச் சுமார் 25 மில்லிமீட்டர் கனம்தான் காயுமாம், அதனால் அப்படியே காற்றாட விட்டிருக்கிறேன்.

அப்புறம், நீ நட்ட எலுமிச்சை. இளம் இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியுமே, அதற்கும் அந்த சிமென்ட் ஒரு காரணம். சிமென்ட்டில் உள்ள சுண்ணாம்பு கசிந்து இறங்கினால் மண் காரமாகிவிடும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. உன் அம்மா மூன்று பங்கு சருகுக்கு ஒரு பங்கு பச்சைக் கழிவு என்று குவித்து மட்க வைத்தாள். குவியலுக்குள் கை விட்டால் சுடும், அவ்வளவு சூடு. அது ஆறி, கறுப்பாக உதிர்ந்ததும் மரத்தைச் சுற்றிப் பரப்பினோம், தண்டில் மட்டும் படாமல். போன வாரம் நுனியில் ஏழு புதுத் துளிர். ஏழும் பச்சை. அம்மா தினமும் போய் எண்ணிவிட்டு வருகிறாள்.

சேறு கொஞ்சம் உள்ளே வரத்தான் செய்கிறது. வரட்டும், துடைத்துக்கொள்ளலாம்.

சுவருக்கு என்ன நிறம் வேண்டும் என்று எழுது. அது முழுக்கக் காய இன்னும் பல மாதம் ஆகும், மெதுவாக யோசித்துச் சொன்னால் போதும்.

அன்புடன்,
அப்பா