நடப்பதற்கு முன்னால் சொல்லுங்கள்: நெல்லையிலிருந்து ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி மாவட்ட நிர்வாகத்தினர், மாநகராட்சியார், கோயில் விழாக் குழுவினர், இலக்கிய அமைப்பினர், உள்ளூர் நிருபர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

வைகாசி பிறந்துவிட்டது. ஆனியில் நெல்லையப்பர் தேரோட்டம். அந்தக் களைப்பு ஆறுவதற்குள் ஆடி அமாவாசை வந்து சனம் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கிளம்பிவிடும். ஆகஸ்ட் 15-க்கு வ.உ.சி. மைதானம். புரட்டாசி வாக்கில் பாளையங்கோட்டை தசரா. ஐப்பசி பிறந்தால் மழை, ஆற்றில் வெள்ளம் எவ்வளவு என்ற கவலை. இனி ஆறேழு மாதத்துக்கு ஊரில் ஏதாவது ஒன்று நடந்துகொண்டேதான் இருக்கும். அதற்குள் உங்கள் எல்லாரிடமும் ஒரு கோரிக்கையை வைத்துவிட வேண்டும் என்றுதான் இந்த மடல். நடக்கப்போவதை நடப்பதற்கு முன்னால் சொல்லுங்கள். சொல்வதை முழுசாகச் சொல்லுங்கள்.

உள்ளூர்ப் பக்கத்தைப் புரட்டினால் எல்லாமே நடந்து முடிந்தவை. கருத்தரங்கு நடந்தது, கண் சிகிச்சை முகாம் நடந்தது, ஓவியக் கண்காட்சி நிறைவு பெற்றது, "பொதுமக்கள் திரளாகக் கலந்துகொண்டனர்". அந்தத் திரளில் நாமும் ஒரு ஆளாக நின்றிருக்கலாமே, முந்தின நாள் தெரிந்திருந்தால், என்று தோன்றாத நாள் கிடையாது. முகாம் என்றால் இன்னும் வயிற்றெரிச்சல். பக்கத்துத் தெருவில் இலவசமாகக் கண் பார்த்திருக்கிறார்கள். வீட்டில் ஆச்சி புரை விழுந்த கண்ணோடு உட்கார்ந்திருக்கிறாள். நமக்கு மறுநாள் போட்டோவில்தான் தெரிகிறது.

இதே நாளிதழ்களில் ஒரு மூலை மட்டும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அணை நிலவரம். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. மொத்த உயரம் இது, இன்றைய நீர்மட்டம் இவ்வளவு, வரத்து இவ்வளவு கன அடி, திறப்பு இவ்வளவு கன அடி. அவ்வளவுதான். யாருடைய படமும் இருக்காது, "பெருமிதத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்" இருக்காது. தினமும் ஒரே இடத்தில், ஒரே வரிசையில் வரும். கார் சாகுபடிக்குத் தண்ணீர் கிடைக்குமா என்று பார்க்கும் விவசாயிக்கும் அதுவே போதும், கோடையில் குடிதண்ணீர் வருமா என்று பார்க்கும் டவுன்காரருக்கும் அதுவே போதும். நெல்லைக்காரன் எவனை எழுப்பிக் கேட்டாலும் 143 என்று சொல்வான் என்றால், அது அந்தச் சின்னப் பெட்டிச் செய்தி பல காலமாகச் செய்த வேலை.

ஊர் நிகழ்ச்சிகளுக்கும் அப்படி ஒரு பெட்டி வேண்டும் என்பதுதான் நான் கேட்பது. என்ன நிகழ்ச்சி, எங்கே, எத்தனை மணிக்கு, எப்போது முடியும், கட்டணம் உண்டா, எந்த பஸ். ஒரு நிகழ்ச்சிக்கு இரண்டு வரி.

இப்போது நமக்குக் கிடைப்பது என்ன? ஈரடுக்கு மேம்பாலத்துப் பக்கம் கட்டியிருக்கும் ஏதாவது ஒரு பிளக்ஸை நின்று படித்துப் பாருங்கள். மேலே தலைவர்கள் படம். நடுவில் சிறப்பு விருந்தினர். இரண்டு பக்கமும் வரிசையாக முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை. அழைக்கிறவர்கள் பெயரே நாற்பதுக்குக் குறையாது. இடமும் நேரமும் அடியில், கம்பியைச் சுற்றிக் கட்டிய மடிப்புக்குள் போயிருக்கும். எட்டிப் பார்த்தால் "மாலை 5 மணியளவில்". அந்த "அளவில்" ஒன்றரை மணி நேரம் நீளும் என்பது நமக்குத் தெரியும். முடிகிற நேரத்தை எந்த அழைப்பிதழும் சொல்வதில்லை. கடைசி பஸ்ஸைப் பிடித்து மானூருக்கோ முன்னீர்பள்ளத்துக்கோ போக வேண்டியவர்கள் பேச்சாளர் சூடு பிடிக்கும்போது எழுந்து போகிறார்கள். அது பேச்சாளருக்கு அவமரியாதை என்று மேடையில் வருத்தப்பட்டுக்கொள்கிறோம்.

அறிவிப்பைப் படமாகவே அனுப்பும் பழக்கம் இன்னொரு தொல்லை. பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் நூறாண்டு கடந்த பள்ளிகள் இருக்கின்றன. அங்கே படித்து இங்கேயே வேலை பார்த்து இங்கேயே ஓய்வு பெற்றவர்கள் எத்தனையோ பேர். எனக்குத் தெரிந்த பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் செல்போனில் வரும் எழுத்தை எல்லாம் குரலாகக் கேட்டுவிடுவார், நாம் படிப்பதைவிட வேகமாக. ஒரு நாள் அவருக்கு இலக்கியக் கூட்ட அழைப்பு ஒன்று வந்தது. விரலால் தொட்டார். போன் "படம்" என்றது. மறுபடி தொட்டார். மறுபடியும் "படம்". "யாரு பேசுதா, என்னைக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க சார்" என்று என்னிடம் நீட்டினார். தேதி பார்த்தேன். முந்தின நாளே முடிந்து போயிருந்தது. அந்தப் படத்துக்குக் கீழே அதே விவரத்தை நாலு வரி எழுத்தாகப் போட்டிருந்தால் அவர் யாரிடமும் போனை நீட்ட வேண்டாம். காது கேளாதவர்களுக்கு இது நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து வரும் பிரச்சினை. ஆட்டோவில் மைக் கட்டி "நாளை குடிநீர் வராது" என்று தெருத் தெருவாகச் சொல்லிப் போனால் அவர்களுக்கு அது போய்ச் சேராது. குரலில் சொன்னதை எழுத்திலும் போடுங்கள், படத்தில் போட்டதை எழுத்திலும் போடுங்கள். இதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

மின்தடை அறிவிப்பைப் பாராட்டத்தான் வேண்டும். எந்தத் துணை மின்நிலையம், எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்தெந்தத் தெரு என்று தெளிவாக வருகிறது. ஒரு குறைதான். ஒத்திவைத்தால் சொல்வதில்லை. விடியுமுன் எழுந்து மாவரைத்து, மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பி, போனுக்குச் சார்ஜ் ஏற்றிவிட்டு, கையில் விசிறியோடு காத்திருப்போம். கரண்ட் போகவே போகாது. சந்தோஷம்தான். ஆனால் அடுத்த தடவை அறிவிப்பை நம்பாமல் இருந்துவிடுவோம், அன்றைக்குச் சொன்ன நேரத்துக்கு டாண் என்று போகும். நிகழ்ச்சி ரத்து, இடம் மாற்றம், நேரம் மாற்றம் இவையும் அறிவிப்புதான். முதல் அறிவிப்பு எங்கே வந்ததோ அங்கேயே இதுவும் வர வேண்டும்.

சரி, தேருக்கு வருகிறேன்.

ஆனித் தேரோட்டத்தன்று டவுனுக்குள் நுழைகிற எவரும் முதலில் கேட்கும் கேள்வி, "அண்ணாச்சி, தேரு எந்த முக்குல நிக்கு?" வாகையடி முக்கா, சந்திப்பிள்ளையார் முக்கா, லாலா சத்திர முக்கா? பிள்ளையார், முருகன், சுவாமி, அம்பாள், சண்டிகேசுவரர் என்று தேர் ஐந்து. ஐந்தும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் நிற்பதில்லை. தென்காசி ரோட்டிலிருந்து வருகிறவரை எங்கே இறக்கிவிடுவார்கள், ஜங்ஷன் பக்கமிருந்து வருகிறவர் எதுவரை பஸ்ஸில் வரலாம், எந்த ரத வீதி எத்தனை மணிக்கு அடைபடும், குழந்தையோடு வருகிறவர்கள் எங்கே நின்று பார்க்கலாம், கழிப்பறை எங்கே, இதெல்லாம் காவல்துறையும் மாநகராட்சியும் கோயில் நிர்வாகமும் கூட்டம் போட்டு முன்கூட்டியே தீர்மானிக்கிற விஷயங்கள்தானே. தீர்மானித்ததை ஒரு பக்கத்தில் அடித்து, கொடியேற்றத்துக்கு முன்பே பஸ் நிலையத்திலும் கோயில் வாசலிலும் ரேஷன் கடையிலும் ஒட்டிவிட்டால் என்ன? கொடியேறி ஒன்பதாம் நாள்தான் தேர். அவகாசம் இருக்கிறது.

தேர் அன்றைக்கு மணிக்கு ஒருமுறை "தேர் நிலவரம்" வேண்டும். 2024-இல் சுவாமி தேரின் வடம் அடுத்தடுத்து அறுந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்த மாதிரி தாமதம் ஆவது யார் குற்றம் என்று இங்கே பேச வரவில்லை, அது தனி வழக்கு. ஆனால் அப்படி நேர்ந்தால், வெயிலில் வடத்தருகே நிற்கும் கூட்டத்துக்கும், வீட்டுத் திண்ணையில் பானகத்தோடு காத்திருக்கும் கிழவர்களுக்கும் ஒரு வரி போக வேண்டும்: சுவாமி தேர் இந்த முக்கில் நிற்கிறது, வடம் மாற்றுகிறார்கள், இன்ன நேரத்துக்கு மேல்தான் நகரும். உண்மையான தகவல் வராத இடத்தில் வாய்க்கு வந்தது பரவும், கூட்டமும் அதற்குத் தகுந்தாற்போல் முண்டியடிக்கும்.

பாளையங்கோட்டை தசராவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆயிரத்தம்மன் முதலாகப் பன்னிரண்டு அம்மன் சப்பரங்கள் அணிவகுப்பதும், எருமைக்கிடா மைதானத்தில் சூரசம்ஹாரம் நடப்பதும் எவ்வளவு பெரிய காட்சி! குலசேகரன்பட்டினத்துக்கு எங்கிருந்தெல்லாமோ ஆள் வருகிறது; பாளைக்கு வர நினைக்கும் வெளியூர்க்காரருக்கு எந்தச் சப்பரம் எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொள்ள வழியில்லை. அந்தந்தக் கோயில் கமிட்டிக்குத் தன் சப்பரத்தின் நேரம் தெரியும். பன்னிரண்டையும் ஒரு தாளில் சேர்த்து எழுத ஒரு ஆள் வேண்டும், அவ்வளவே. மேலப்பாளையத்தில் பக்ரீதுக்கு முந்தைய செவ்வாய்ச் சந்தைக்கும் இதே கதைதான். ஆடு எவ்வளவு வரும், ரோடு எப்படி நெரியும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தும் மாற்றுப்பாதை அறிவிப்பு அன்று காலைதான் காதில் விழுகிறது.

பழகிப்போய்விட்டோம் என்பதுதான் உண்மை. ஜங்ஷன் பேருந்து நிலையத்தை 2018-இல் மூடினார்கள், 2024-இல்தான் திறந்தார்கள். இடைப்பட்ட காலம் முழுக்க எந்த ஊர் பஸ் எங்கே நிற்கும் என்பதை டீக்கடைக்காரர்கள்தான் சொன்னார்கள். அவர்களுக்கு இந்த ஊர் ஒரு பாராட்டு விழா எடுத்திருக்க வேண்டும்.

விழாவைத் தவறவிட்டால் வருத்தத்தோடு போகும். மழைக்காலம் அப்படியல்ல. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டு, ஜங்ஷன் பகுதியே தண்ணீரில் நின்றது. பல இடங்களில் கரண்டும் இல்லை, செல்போன் டவரும் இல்லை. அந்த மாதிரி இரவில் எந்தக் குழுவில் எந்தப் படத்தை அனுப்பி என்ன பயன்? நமக்கு 1963 முதல் ஒரு வானொலி நிலையம் இருக்கிறது. பாட்டரியில் ஓடும் ரேடியோ இன்னும் பல வீடுகளில் பரணில் கிடக்கிறது. மழைக்காலத்தில் மணிக்கு ஐந்து நிமிடம், மூன்று அணைகளிலும் திறக்கும் தண்ணீர் எவ்வளவு, அது சீவலப்பேரிக்கு எத்தனை மணிக்கு வந்து சேரும், எந்தத் தெருக்காரர்கள் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்று சொல்ல இப்போதே பேசி வையுங்கள். "தாழ்வான பகுதியில் வசிப்போர் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும்" என்பது அறிவிப்பே இல்லை. எது தாழ்வான பகுதி? மீனாட்சிபுரத்தில் எத்தனையாவது தெரு வரை? பாதுகாப்பான இடத்தின் பெயர் என்ன, சாவி யாரிடம்?

கிராம சபை போல நகரத்து வார்டு மக்களுக்காக நடக்கும் பகுதி சபைக் கூட்டத்தையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று கிராம சபை நாட்களைக் கிராமத்தில் பள்ளிப் பிள்ளையும் சொல்லும். 55 வார்டு உள்ள நம் மாநகராட்சியில் உங்கள் வார்டின் அடுத்த பகுதி சபை எப்போது என்று நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள்.

இதற்கெல்லாம் புதுச் செயலி எதுவும் தொடங்கிவிட வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். செயலியைத் தொடங்க ஒரு விழா நடக்கும், அதற்கும் நாற்பது பேர் படத்தோடு பிளக்ஸ் வரும், மூன்றே மாதத்தில் திறக்காமல் போகும். இருக்கிற இணையதளம், இருக்கிற நாளிதழ், இருக்கிற வானொலி, இருக்கிற அறிவிப்புப் பலகை போதும். விழா நடத்துகிறவர்கள் மூன்று நாளைக்கு முன்பே விவரத்தை எழுத்தாக நிருபர்களுக்கு அனுப்புங்கள். அன்று மதியம் அனுப்பிவிட்டு "பத்திரிகையில் போடவே இல்லை" என்று சண்டைக்குப் போகாதீர்கள். நிருபர் நண்பர்களே, "இன்றைய நிகழ்ச்சிகள்" பகுதியை விளம்பரம் வந்த நாளில் தூக்கிவிடாதீர்கள். அணை நிலவரத்துக்குப் பக்கத்திலேயே, தினமும் அதே இடத்தில் வரட்டும். நாலு மண்டலத்துக்கும் தனித்தனியாகப் பிரித்துப் போட்டால் இன்னும் நல்லது. தச்சநல்லூர்க்காரர் தச்சநல்லூரை மட்டும் பார்த்துக்கொள்வார்.

முதல் பட்டியல் ஆனிக் கொடியேற்றத்துக்கு ஒரு வாரம் முன்னால் வரட்டும். எழுத ஆளில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பாளையில் தெருவுக்கு நாலு ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் இருக்கிறார்கள். காலை நாளிதழில் எழுத்துப்பிழை தேடிச் சிவப்பு மையால் வட்டம் போட்டுக்கொண்டிருப்பவர்கள். விவரத்தை அவர்களிடம் கொடுங்கள், சாயங்காலத்துக்குள் ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதி உங்கள் மேசைக்குக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை வாசி ஒருவர்