கொப்பியை எப்போது மூடுவது?

ஆசிரியருக்கு,

அரச சேவைகளைக் கணினிமயமாக்குவது பற்றிய தங்கள் ஆசிரியர் தலையங்கத்தை வாசித்தேன். யாழ். மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்களும் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் உண்டு. இவ்வளவு பெரிய கட்டமைப்பை ஒரு சுற்றுநிருபம் மாற்றிவிடாது. மாற்றத்துக்கு முன் பழைய வழக்கத்தை இளக்க வேண்டும் என்று சமூக உளவியலாளர் கேர்ட் லெவின் 1947இலேயே எழுதினார். நாங்களோ கணினியை இறக்கிய பிறகுதான் ஆட்களைப் பற்றி யோசிக்கிறோம்.

நான் வேலை செய்த அலுவலகத்தில் புதிய மென்பொருளுக்கு அரைநாள் பயிற்சிதான். ஆறு மாதமாகியும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் கணினியில் பதிந்து, சிவப்பு மட்டைக் கொப்பியிலும் எழுதினோம். கொப்பியை நிறுத்தலாம் என்று சொல்ல ஒருவரும் துணியவில்லை. சரி, கணக்காய்வுக்கு வருபவர் கேட்பதும் கொப்பியைத்தானே! மேலதிகாரிகள் புதியதைத் தொடங்கும் திகதியோடு பழையதை நிறுத்தும் திகதியையும் எழுத்தில் தரட்டும். அதற்கு முன் முன்மேசை உத்தியோகத்தர்களை அழைத்து ஒருநாள் கேட்கட்டும்.

ஓய்வுபெற்ற எழுதுவினைஞர்,
கொக்குவில்