ஈசிஜி தாளின் பின்பக்கம்

எல்லோருக்கும் வணக்கம். மாரடைப்பு வந்து ஆஸ்பத்திரியில் இருந்த அப்பா நேற்றுப் பின்னேரம் வீட்டுக்கு வந்துவிட்டார். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதைத் திரும்பவும் எழுத மனம் வரவில்லை.

யாழ் போதனா வைத்தியசாலையின் டொக்டர்மார், தாதிமார், நடுச்சாமத்தில் ஓட்டோ கொண்டுவந்த தம்பி, சோறு கட்டித் தந்த அயலட்டை, நல்லூரில் அர்ச்சனை செய்த மாமி எல்லோரையும் கைகூப்பிக் கும்பிடுகிறேன்.

ஆனால் இந்த மடல் ஒரு இளம் டொக்டருக்காகத்தான் எழுதுகிறேன். பெயர் போட்டால் கூச்சப்படுவார்.

இதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது என்று எக்கோ என்ற இதய ஸ்கானில் தெரிந்த அன்றிரவே, ஸ்டெம் செல் (வேறு வகைக் கலங்களாக மாறக்கூடிய மூலக் கலம்) ஊசியால் இதயத்தைப் புதிதாக்கலாம் என்று ஒரு வெளிநாட்டு விளம்பரம் என் போனுக்கு வந்தது. அம்மாவின் தாலிக்கொடி, கோண்டாவில் காணி, எல்லாவற்றையும் மனதுக்குள் விற்றுவிட்டேன். காலையில் அவரிடம் கேட்டேன். இரவு வேலை முடிந்து, பையும் தோளுமாக நின்றவர். தாலிக்கொடி என்றதும் பையை இறக்கிவிட்டு என் பக்கத்து வாங்கிலில் இருந்தார்.

பழைய ஈசிஜி தாளின் பின்பக்கத்தில் முதலில் ஒரு மீன் கீறினார். வரிக்குதிரை மீனாம். அதன் இதயக்கீழறையில் ஐந்தில் ஒன்றை வெட்டினாலும் இரண்டு மாதத்தில் திரும்ப வளர்ந்துவிடுமாம். அப்புறம் மனித இதயம். பெரிய மாரடைப்பில் நூறு கோடித் தசைக் கலங்கள் வரை சாகலாம். இளம் வயதிலேயே வருடத்துக்கு நூற்றுக்கு ஒன்றளவுதான் புதுப்பிக்கும், வயது போக அதுவும் குறையும். மிச்ச இடம் வடு. அதைப் பேனாவால் அழுத்தி நிறந்தீட்டினதில் தாள் கொஞ்சம் கிழிந்தது.

எலும்புக்குள் இருக்கிற என்பு மச்சையின் கலங்களை ஊசியால் ஏற்றிப் பல வருடம் பார்த்தும் அவை இதயத் தசையாக மாறவில்லை என்றார். 2020இல் ஜப்பானின் ஒசாகாவில், ஐபிஎஸ் கலங்களிலிருந்து, அதாவது சாதாரண உடற்கலங்களைத் திரும்ப மூலக் கலங்களாக மாற்றியவற்றிலிருந்து, வளர்த்த தசைத் தாளை ஒரு நோயாளியின் இதயத்தில் ஒட்டியதையும் சொன்னார். "அக்கா, இது பொய்யில்லை. ஆனா அப்பாவுக்குக் காசு குடுத்து வாங்கிற நிலைக்கு இன்னும் வரேல்லை. இருக்கிற தசையை மாத்திரையால காப்பாத்துவம்."

அந்த முக்கால் மணித்தியாலம் அவருடைய நித்திரை.

தாளை அப்பாவின் மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிறேன். அதே விளம்பரம் உங்களில் யாருக்காவது வந்தால், காசு கட்டமுதல் எங்கள் வீட்டுக்கு ஒருக்கால் வாருங்கள். எத்தனை மணியானாலும் விரித்து வைத்துச் சொல்லித் தருவேன்.