பூட்டியின் படம்

மாப்ள சுந்தரம்,

ஆறு மாசமாகக் கடிதம் இல்லை, தெரியும். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லாரும் சுகம். தெப்பக்குளம் சைக்கிள்காரர் இன்னமும் உன்னைத்தான் விசாரிக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். மேலமாசி வீதி வீட்டைக் காலி பண்ணும்போது பரணில் பூட்டி படம் கிடைத்தது. ஸ்டுடியோவில் எடுத்தது, நூறு வருஷமாவது இருக்கும். நாற்காலி, வட்ட மேஜை, மேஜைமேல் இடது கை. பின்னால் திரையில் வரைந்த தூணும் படிக்கட்டும். கொசுவத்துக்குப் பின்னால் இரும்புப் பாதம் ஒன்று எட்டிப் பார்க்கிறது. குத்துவிளக்கு என்று நினைத்திருந்தோமே, அது தலை ஆடாமலிருக்கப் பின்னால் நிறுத்திய தாங்கி!

வெளிச்சத்தைப் பார்க்கணும் நீ. அப்போதெல்லாம் கூரையில் வடக்குப் பார்த்த கண்ணாடி, அதற்குக் கீழே இழுத்துவிடத் திரை. ஒரு பக்கத்து வெளிச்சம் நெற்றியில் இறங்கி மூக்குத்தியில் நிற்கிறது. மறு கன்னம் நிழலில் கிடக்கிறது.

அத்தை இதை ஒரு கடையில் கொடுத்துப் 'புதுசாக்கி' வந்தார். நிழலைத் துடைத்து, முகத்தை வெளுத்து, கன்னத்தைப் பணியாரம் மாதிரி ஆக்கிவிட்டார்கள். "இப்பத்தான் லட்சணமா இருக்கு" என்கிறார்.

நாலு தலைமுறையாக அவளைக் கறுப்பி என்றோம். அத்தை மகளுக்கு வரன் தட்டிப்போனபோதெல்லாம் "பூட்டி நிறம்" என்று பழி அவள்மேல்தான். அந்தக் காலத்தில் படம் பிடித்த கண்ணாடித் தகடு, அந்தச் சாதா பிளேட்டுக்கு நீலம்தான் உறைக்கும், அது படத்தில் வெளுத்து விழும். மஞ்சளும் சிவப்பும் கறுத்துப் போகும். தினம் மஞ்சள் பூசிக் குளித்த முகம் வேறு எப்படி விழும்? அந்தக் கரும்பொட்டு குங்குமம்தான். 'புருஷன் இருக்கையில் வெள்ளைச் சேலையா' என்று முணுமுணுத்தார்களே, அது நீலச் சேலையாகவும் இருந்திருக்கலாம். சரி, அவள் கறுப்பாகவே இருந்தால்தான் என்ன கெட்டுப்போச்சு? இதைச் சொன்னேன், அத்தை இரண்டு நாள் பேசவில்லை.

அப்புறம், நீ பீரோவில் பூட்டி வைத்திருக்கும் காமிராவை வெளியே எடு. அந்தக் காலத்து ஆங்கிலேயப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் கையில் காமிரா வந்தபோது வயசு 48. கோழிக் கொட்டகையைத்தான் ஸ்டுடியோ ஆக்கினார். அந்த அம்மாவும் முகத்தில் பாதியை இருட்டில் விடப் பயப்படாதவர். உனக்கு மாடியே இருக்கிறது, வடக்கு ஜன்னலும் இருக்கிறது. முதலில் உன் வீட்டுக்காரியை உட்கார வை. பவுடர் போடச் சொல்லாதே.

அசல் படத்தை அத்தைக்குத் தெரியாமல் எடுத்து வந்துவிட்டேன். கேட்டால் உன்னிடம் இருப்பதாகச் சொல்லிவிடுவேன். போன் வந்தால் உளறிவிடாதே.

உன்
கண்ணன்