97எக்ஸ் நிலையத்தை மூடியது இணையமா?

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வானொலியின் கதையைச் சொன்ன கட்டுரை விறுவிறுப்பாக இருந்தது. பெருநகர நிலையங்களுக்குப் பக்கம் பக்கமாக இடம் கொடுத்த கட்டுரையாளர், சிற்றூர் ராக் நிலையங்களை மட்டும் ஒரே வரியில் முடித்துவிட்டார்: இணையம் வந்தது, அவை போய்விட்டனவாம். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஒலித்த டபிள்யூ.ஓ.எக்ஸ்.ஒய். (97எக்ஸ்) நிலையத்தின் கதை தெரிந்தவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டு ஒரு கல்லூரி ஊர். அங்கே இருப்பது மயாமி பல்கலைக்கழகம். (ஃப்ளோரிடாவில் உள்ளது வேறு; இது 1809-இலேயே தொடங்கியது.) அந்த ஊர் எஃப்.எம். நிலையத்தை டக் பலோ, லிண்டா பலோ தம்பதி 1981-இல் வாங்கினார்கள். 1983-இல் துணிந்து மாடர்ன் ராக்குக்கு, அதாவது வழக்கமான ராக்கிலிருந்து விலகிய புதுக் குழுக்களின் பாட்டுக்கு, மாற்றினார்கள். துணிச்சல் என்று சும்மா சொல்லவில்லை. அந்த வகைப் பாடல்களுக்கென்று பில்போர்டு என்ற இசைத்துறைப் பத்திரிகை தனிப் பட்டியல் போடத் தொடங்கியதே 1988 செப்டம்பரில்தான். நிர்வாணா என்ற ராக் குழுவின் இரண்டாவது ஆல்பம் 1991-இல் வெளிவந்து சக்கைப்போடு போட்ட பிறகே மற்ற நிலையங்கள் பலவும் இந்தப் பக்கம் ஓடி வந்தன.

அலைவரிசை 97.7. செல்லப்பெயர் 97எக்ஸ். சக்தி வெறும் 3,000 வாட். அந்தப் பகுதிப் பெருநகர நிலையங்கள் 50,000 வாட் வரை போகும். எஃப்.எம். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. கோபுரத்துக்கு எட்டாத தூரத்தில் வெறும் இரைச்சல்தான். தென்கிழக்கே சின்சினாட்டி நகரத்தின் ரசிகர்கள் ஆன்டெனாவை இப்படியும் அப்படியும் திருப்பித்தான் இதைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆனாலும் பிடித்தார்கள். மே மாதக் கடைசியில், போரில் இறந்த வீரர்களுக்கான நினைவு நாள் விடுமுறை வந்தால் 'மாடர்ன் ராக் 500' என்று ஐந்நூறு பாடல்களை வரிசைப்படுத்தி ஒலிபரப்புவார்கள். பக்கத்து மாநிலத்தில் இண்டியானாபோலிஸ் 500 கார் பந்தயம் நடப்பதும் அதே வாரக்கடைசியில்தான். 1988-இல் வந்த 'ரெய்ன் மேன்' படத்தில் டஸ்டின் ஹாஃப்மன் திரும்பத் திரும்பச் சொல்லும் "97எக்ஸ், பேம்!" இந்த நிலையத்தின் அறிவிப்புதான். படம் பார்த்தவர்களில் பலருக்கு அப்படியொரு நிலையம் உண்மையிலேயே இருந்தது தெரியாது.

சரி, பிறகு ஏன் மூடினார்கள்? 2004-இல் ஒலிபரப்பு உரிமம் 56 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. இணையத்தைக் குற்றம் சொல்ல முடியாது; ஐஃபோன் வரவே இன்னும் மூன்று ஆண்டு இருந்தது. வாங்கியவர்களுக்குத் தேவைப்பட்டது பாட்டோ, அறிவிப்பாளர்களோ, ஆக்ஸ்ஃபோர்டோ அல்ல, 97.7 என்ற எண்தான். அமெரிக்காவில் ஒவ்வொரு உரிமமும் ஏதாவது ஓர் ஊரின் பெயரில் இருக்கும். மற்ற நிலையங்களுக்கு இடைஞ்சல் வராது என்று காட்டினால் அதை வேறு ஊர்ப் பெயருக்கு மாற்றிக்கொள்ள 1989-இல் விதியைத் தளர்த்தினார்கள். அதிலிருந்து சிற்றூர் உரிமத்தை மலிவாக வாங்கிப் பெருநகர ஓரத்துக்கு நகர்த்துவது நல்ல வியாபாரமாகிவிட்டது. 97.7-உம் சின்சினாட்டியை ஒட்டிய மேசன் என்ற புறநகருக்குப் போனது. இன்று நிலையத்தை நடத்திச் சம்பாதிப்பதைவிட நாளை அது நிற்கப்போகும் இடத்துக்கு விலை அதிகம் என்றால், எந்த உரிமையாளர்தான் விற்க மாட்டார்? பலோ தம்பதியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விதியை எழுதியவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன்.

கட்டுரையாளர் குற்றவாளி ஆக்கிய இணையம்தான் 97எக்ஸுக்கு அடைக்கலம் கொடுத்தது. 2004-இல் எஃப்.எம். ஒலிபரப்பு நின்றதும் அதே ஆட்கள் இணையத்தில் தொடர்ந்தார்கள். 2006-இல் பணம் தீர்ந்து நின்றது. லாலா என்ற இசை நிறுவனம் கைகொடுக்க மீண்டும் எழுந்தது. அப்புறம் டெக்சஸின் ஆஸ்டினுக்கு இடம் மாறி, 2010 மார்ச் 23 அன்று ஒரேயடியாக நின்றது.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க எஃப்.எம். நிலையம் பாட்டு எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் மட்டும் காசு கொடுத்தால் போதும். இணைய நிலையம் பாடியவருக்கும் ஒலிப்பதிவு உரிமையாளருக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், அதுவும் பொதுவாக எத்தனை பேர் கேட்டார்கள் என்ற எண்ணிக்கைப்படி. எஃப்.எம்.மில் புதிதாக ஒரு நேயர் வந்தால் செலவு ஒரு பைசாகூட ஏறாது. இணையத்தில் நேயர் பெருகப் பெருகக் கட்டணமும் ஏறும், விளம்பரம் கூடவே ஏறினால்தான் பிழைப்பு. பாடகருக்குக் காசு போவது நியாயம்தான். ஆனால் பக்கத்திலேயே எஃப்.எம்.காரர் அதைக் கொடுக்காமல் ஓட்டுவது என்ன நியாயம் என்று கேட்கத் தோன்றுகிறது.

தொடரின் அடுத்த பகுதியிலாவது உரிமங்கள் கைமாறிய கதையைக் கட்டுரையாளர் எழுத வேண்டும். 1996-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் வானொலிக்கு நாடு தழுவிய உச்சவரம்பை எடுத்துவிட்டு, ஒரே நிறுவனம் எத்தனை நிலையம் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று ஆக்கியதிலிருந்து தொடங்கினால் சரியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்