மூக்குத்தூள் நேயர் சங்கம், கல்லடி, மட்டக்களப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை 2024/2025

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபையோரே, வந்திருக்கும் அங்கத்தவர்களே,

வராத அங்கத்தவர்களுக்கும் இதன் பிரதி போய்ச் சேரும். சைக்கிளில் கொண்டுபோய்க் கேற்றில் செருகுகிறவன் நான்தான் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு பின்னேரம் கூட்டம் என்பது சங்கம் தொடங்கிய நாளிலிருந்து உள்ள ஒழுங்கு. சென்ற ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரை பன்னிரண்டில் ஒன்பது நடந்தன. ஆகஸ்ட் 4 மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தம். அன்று கூட்டம் வைத்தால் தலைவரே வரமாட்டார். டிசம்பர் 1 வெள்ளம் வடிந்தும் வடியாத ஞாயிறு. பெப்ரவரியில் வந்தவர்கள் மூவர்: தலைவர், நான், தலைவரைக் கூட்டிக்கொண்டு வந்த பேரன். பேரனுக்குப் பதினேழு வயது. அவனைச் சேர்த்தாலும் நிறைவெண் வராது, சேர்க்கவும் ஏலாது.

சித்திரை வருடப்பிறப்பு ஒன்றுகூடல் வழமைபோல் நடைபெற்றது. ஜூனில் வைத்தியர் ஒருவர் வந்து உரையாற்றினார். லண்டனில் ஜோன் ஹில் என்ற வைத்தியர் 1761இலேயே, மூக்குத்தூளை அளவுமீறிப் போட்டால் மூக்கில் புற்று வரும் என்று எச்சரித்து எழுதிவைத்ததை எடுத்துச் சொன்னார். பொருளாளர் நன்றியுரை நிகழ்த்தினார். நன்றியுரைக்கு நடுவில் மூன்று பேர் தும்மினார்கள். இவ்வாண்டு நம்மைவிட்டுப் பிரிந்த மூத்த அங்கத்தவருக்கு ஒக்டோபர் கூட்டத்தில் மௌன அஞ்சலி செலுத்தப்பட்டது.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. ஏன் நோட்டீஸ் ஒட்டவில்லை, ஏன் இளைஞரைச் சேர்க்கவில்லை என்று கேட்பவர்கள் புகையிலை, மதுசாரம் பற்றிய 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தை ஒருமுறை வாசிக்க வேண்டும். புகையிலைக்கு விளம்பரம் கூடாது. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு விற்கக் கூடாது. 2016இல் வந்த விதிகளோடு புகையற்ற புகையிலைப் பொருள்களின் விற்பனையே தடைசெய்யப்பட்டுவிட்டது. ஆகவே சங்கம் ஒரு சிட்டிகை தூளும் வாங்கவில்லை, விற்கவுமில்லை. மேசைக்கு வந்த பேணிகள் அங்கத்தவர்களின் சொந்தப் பேணிகள். அவை அவர்கள் வீட்டுக்கு எப்படி வந்தன என்று அறிக்கையில் எழுத வேண்டாம் என்பது தலைவரின் கட்டளை. எழுதவில்லை.

இனி மணப் பதிவேடு.

இது என்னுடைய சொந்த வேலை என்று சிலர் சொல்லித் திரிகிறார்கள். 2024 மே மாதப் பொதுத் தீர்மானம் இது. முன்மொழிந்தவன் நான், வழிமொழிந்தவர் இன்று அதைப் பற்றிக் குறைசொல்கிறவர்களில் ஒருவர். நோக்கம் எளியது. வாசனைத் தூள் போடுகிற எவரையும் “எப்படி இருக்கு?” என்று கேட்டால் “நல்லாத்தான் இருக்கு” என்பார், லேஞ்சியால் மூக்கைத் துடைப்பார், போய்விடுவார். ஒரு தூளையும் இன்னொரு தூளையும் ஒப்பிட்டு நாலு வரி எழுதிவைக்க நம்மிடம் ஆளில்லை. அதற்காகத்தான் நீளக் கொப்பி வாங்கி, அடிமட்டம் வைத்து நானே ஆறு நிரல் கோடிட்டேன்: அரைவு, ஈரம், மணம், உறைப்பு, நின்ற நேரம், கையொப்பம்.

முதல் ஒப்பீடு ஜூலை 7 அன்று. பதினான்கு பேர் வந்தார்கள்; இவ்வாண்டின் அதிகபட்ச வரவு அதுதான், காரணத்தை நான் சொல்லத் தேவையில்லை. வெற்றிலை வட்டாவில் எட்டுப் பேணிகளிலிருந்தும் எட்டுச் சிறு குவியல் எடுத்து வைத்திருந்தேன். வரிசையை இரண்டு நாள் யோசித்துப் போட்டேன். வாசனை சேராத, வறுத்து மெல்லிசாய் அரைத்த உலர்தூள் முதலில். அடுத்து ஈரமும் கரடுமாக உள்ளவை. மெந்தோல் கடைசியில், அதை முதலில் போட்டால் மூக்கு அன்றைக்கு வேறெதற்கும் உதவாது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் கால் மணி நேரமும் சீனி போடாத பிளேன்ரீயும். சர்ரென்று தொண்டை வரைக்கும் இழுக்கக் கூடாது, பூவை மோப்பது போல மூக்கின் முன்பக்கத்தோடு நிற்க வேண்டும் என்று மூன்று தரம் சொன்னேன்.

கச்சான் காற்றுக் காலம், யன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. எல்லோருக்கும் வேர்த்தது, ஒத்துக்கொள்கிறேன். மூன்றாவது தூளில் இருந்தபோது, ஒரு நிர்வாக சபை உறுப்பினர், பெயர் வேண்டாம், எழும்பிப் போய் ஃபேனைப் போட்டார்.

எட்டுத் தூளும் ஒரே தூளாகி, வட்டாவிலிருந்து எழும்பி, சுற்றி, எல்லோர் மேலும் சமமாக இறங்கியது. தூள் போடாத வீட்டுக்கார அம்மா குசினியிலிருந்து தும்மினார். தலைவரின் கண்ணாடிக்குள்ளும் போயிருந்தது. அந்த உறுப்பினருக்கு இரண்டு வருடச் சந்தா நிலுவை என்பதை இந்த இடத்தில் சேர்ப்பது நியாயமில்லை என்று பொருளாளர் சொன்னார். ஆனாலும் நிலுவை நிலுவைதான்.

மறுபடியும் செப்டெம்பரில் வைத்தோம், ஃபேன் சுவிட்சுக்கு மேல் பிளாஸ்டர் ஒட்டி. அன்று கிடைத்தவைதான் பதிவேட்டில் உள்ள உருப்படியான குறிப்புகள்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், ஷாரோ என்ற இடத்து ஆலை 18ஆம் நூற்றாண்டிலிருந்து மூக்குத்தூள் அரைக்கிறது. அங்கிருந்து வரும் எஸ்.பி. என்ற வகைக்கு பேர்கமொட் என்னும் நாரத்தை வகைப் பழத்தோலின் மணம். நம் மாஸ்டர் ஒரு சிட்டிகை போட்டுவிட்டு, “என்னகா இது, தேயில மணக்குது” என்றார். எல்லோரும் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது. ஏர்ல் கிரே தேயிலையில் சேர்ப்பதும் அதே பேர்கமொட்தான். எழுபது வயதிலும் பழுதாகாத மூக்கு அவருடையது, கையெழுத்தும் அழகு, பதிவேட்டில் மட்டும் எழுத மாட்டார்.

தொங்கா என்ற தென்னமெரிக்க மரத்தின் விதை சேர்த்த தூளைப் பற்றி நான் எழுதியது: “சூடடித்து முடிந்த வயலில் பின்னேர வெயிலில் கிடக்கும் புதுவைக்கோல்.” இது கற்பனையல்ல. அந்த விதையில் உள்ள கூமரின் என்ற வாசனைப் பொருள்தான் வெட்டிய புல்லுக்கும் அந்த மணத்தைக் கொடுப்பது. ரோசா அத்தர் சேர்த்ததைப் பற்றி ஒருவர் “காத்தான்குடிக் கடைத்தெரு” என்று மட்டும் எழுதியிருந்தார். இரண்டு சொல் என்றாலும் முழு மதிப்பெண்.

எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு ஐந்தாவது பேணியில் இருந்தது. ஜேர்மனியின் பவேரியாப் பக்கத்தில் ஷ்மால்ட்ஸ்லர் என்று கறுத்த, ஈரமான தூள் உண்டு, பிரேசில் புகையிலை. ஷ்மால்ட்ஸ் என்றால் அவர்கள் பாஷையில் உருக்கிய கொழுப்பு. முன்காலத்தில் உருக்கிய வெண்ணெய் விட்டுத்தான் அதைப் பிசைந்தார்கள். இப்போது பரஃபின் எண்ணெய். பக்கத்தில் இருந்தது தமிழ்நாட்டுப் பட்டணம் பொடி. அது புகையிலையை வறுத்து, சுண்ணாம்பும் நெய்யும் சேர்த்து அரைப்பது. ஆளையாள் கண்டறியாத இரண்டு ஊர்க்காரர் புகையிலைக்குள் நெய்யை விட்டிருக்கிறார்கள்! ஒன்றை அடுத்து ஒன்று போட்டால் அடியில் அந்த நெய்ப்பானை மணம் இரண்டிலும் தெரியும். பிறகு பிரியும். ஷ்மால்ட்ஸ்லர் முந்திரிகை வற்றல் போல இனித்து மெல்ல இறங்கும். நம்முடையது சுண்ணாம்பு ஏறியதால் நிக்கொட்டினைச் சீக்கிரம் இரத்தத்துக்கு அனுப்பி, நெற்றியில் ஒரு தட்டுத் தட்டும். பவேரியாக்காரர் புறங்கையில் வைத்து இழுப்பார்கள், நாம் இரண்டு விரலுக்கு நடுவில். பெருவிரலை விரித்தால் மணிக்கட்டருகில் விழும் குழிக்கு வைத்தியப் புத்தகத்திலேயே ‘மூக்குத்தூள் பெட்டி’ என்றுதான் பெயர் என்பதையும் ஜூனில் வந்த வைத்தியர் ஒப்புக்கொண்டார்.

இந்த அளவுக்கு நான் எழுதினேன். மற்றவர்கள்? செப்டெம்பரில் வந்தவர்கள் பதினொருவர், எட்டுத் தூள். எண்பத்தெட்டுக் குறிப்பு இருக்க வேண்டும். இருப்பவை இருபத்தாறு. அதில் பத்தொன்பது என்னுடையவை. மிச்சம் ஏழில் மூன்று “நல்லது”, ஒன்று “பரவாயில்லை”. ஓய்வுபெற்ற தபாலதிபர் ஆறு நிரலிலும் திகதியை எழுதியிருக்கிறார்.

அலுமாரி பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். மாரியில் வாடைக்காற்றுக்குத் தூள் சேறு மாதிரிக் கட்டிபடும், கச்சானுக்குப் புழுதியாகும். பேணிகளை ஒரே இடத்தில் மூடிவைக்கக் கண்ணாடி அலுமாரி ஒன்று கைமாற்றில் வாங்கினேன். அதில் முன்பு சேலை வைத்திருந்தார்கள் என்பதும், லாச்சிக்குள் அந்துருண்டை கிடந்ததென்பதும் உண்மை. ஜனவரியில் எல்லாத் தூளிலும் அந்துருண்டை மணத்தது என்பதும் உண்மை. அது என் தவறு, முன்பே மோந்து பார்த்திருக்க வேண்டும். இரண்டு கிழமை வெயிலில் திறந்து வைத்து, தேசிக்காய்த் தோல் போட்டுத் துடைத்து, இப்போது சரி. ஏறக்குறையச் சரி. விலையைப் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். பற்றுச்சீட்டு என்னிடம் இருக்கிறது, கேட்டு வருகிறவருக்குக் காட்டுவேன். இதுவரை யாரும் வரவில்லை.

அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பெட்டி இருக்கிறது. மறைந்த நம் மூத்த அங்கத்தவருடையது. அவருடைய மனைவி எட்டாம் நாள் என்னைக் கூப்பிட்டு, “தம்பி, இதை நீங்களே வச்சிருங்கோ, எனக்குப் பார்த்தாலே தும்மல் வருது” என்று சொல்லித் தந்தார். கொம்பில் செய்தது, மூடியில் பெருவிரல் பட்டுப் பட்டு ஒரு பள்ளம். கீல் இடுக்கில் இன்னும் கொஞ்சம் தூள் கிடக்கிறது, நான் துடைக்கவில்லை. அதைப் பதிவேட்டில் ஏற்றவுமில்லை.

வரவு செலவு பொருளாளரின் கூற்றில் விரிவாக வரும். அது தட்டச்சில் இருக்கிறது. பொதுவாகச் சொன்னால், சென்ற ஆண்டு மிச்சம் சிறிது இருந்தது, இந்த ஆண்டு அதைவிடச் சிறிது இருக்கிறது. பிளேன்ரீ, கொப்பி, அலுமாரி, மலர்வளையம் ஆகியவை பிரதான செலவுகள்.

அங்கத்தவர் முப்பத்தொருவர். சந்தா வருடத்துக்கு 600 ரூபா. கட்டியவர்கள் பதின்மூவர். பிரித்தானிய நாடாளுமன்றத்தின் மக்கள் சபையில் 1693 முதல் புகைபிடிக்கத் தடை. பதிலாக, வாசல் காவலரிடம் உறுப்பினருக்கென்று ஒரு மூக்குத்தூள் பெட்டி இருக்கும், காசு கேட்க மாட்டார்கள். இதை ஒரு கூட்டத்தில் நான்தான் சொன்னேன், சொன்னதற்கு வருந்துகிறேன். அடுத்த கூட்டத்தில் சந்தாப் புத்தகத்தை நீட்டியபோது ஒருவர், “வெஸ்ட்மினிஸ்டரில கேக்காங்களா?” என்றார். ஐயா, அவர்களுக்கு அரசு சம்பளம் கொடுக்கிறது.

தலைவருக்கும் பொருளாளருக்கும் கூட்டத்துக்கு விறாந்தையைத் தந்த குடும்பத்துக்கும் நன்றி. குறிப்பாக அந்த அம்மாவுக்கு. பிளேன்ரீக் கோப்பைகளை ஒருநாளும் நாம் கழுவி வைத்ததில்லை.

வரும் ஆண்டில் பதிவேட்டை நாற்பது வகைக்குக் கொண்டுபோகலாம் என்பது என் விருப்பம். அதை நான்தான் செய்ய வேண்டும் என்றில்லை. நாலு வருடமாகச் செயலாளராக இருந்துவிட்டேன், முழங்காலும் முன்போல இல்லை, கல்லடிப் பாலத்தில் எதிர்க்காற்றுக்குச் சைக்கிள் மிதிக்க ஏலாது. தகுதியான ஒருவர் முன்வந்தால் அலுமாரித் திறப்பை இன்றே ஒப்படைப்பேன். கோடு போட்ட கொப்பியும் தருவேன். யாரும் முன்வராத பட்சத்தில், சபை விரும்பினால், ஒரு நிபந்தனையோடு யோசிக்கலாம்: ஒவ்வொருவரும் கூட்டத்துக்கு ஒரு வரியாவது எழுத வேண்டும். “நல்லது” என்பது வரியாகாது.

இப்படிக்கு,
கௌரவ செயலாளர்

பி.கு: சந்தாப் புத்தகம் வாசலடி மேசையில் இருக்கிறது. பேனை நூலில் கட்டியிருக்கிறது. வட்டா கூட்டம் முடிந்த பிறகுதான் வரும்.