ஓடு கழுவப் போன பெண்

அன்புள்ள மங்கை,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் போடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, முழங்கால். இப்போது பரவாயில்லை, தேக்கா சந்தைக்கு நடந்தே போய் வருகிறேன், சிங்கப்பூர் வெயிலில்தான். உன் மருமகள் மறுபடி வேலைக்குப் போகிறாள் என்று எழுதியிருந்தாய். நல்லது. பேரனைப் பார்த்துக்கொள்வது யார் என்று நான் கேட்கவே இல்லை.

என் அண்ணன் மகளைப் பற்றி விசாரித்திருந்தாயே, அவளைப் பற்றித்தான் இந்தக் கடிதம் முழுக்க இருக்கும்போல. பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறாள். இந்த விடுமுறையில் வேலைப்பயிற்சிக்குத் தோழிகளெல்லாம் வங்கி, விளம்பர நிறுவனம் என்று போக, இவள் ஒரு தொல்லியல் குழுவில் சேர்ந்தாள். தோண்டும் வேலை இல்லை. தோண்டி எடுத்ததை ஊருக்கு எடுத்துச் சொல்லும் வேலை. காட்சிப் பலகைக்குக் குறிப்பு எழுதவேண்டும், பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றிக் காட்டவேண்டும், இன்ஸ்டாகிராமில் போடச் சின்னச் சின்னக் காணொளி எடுக்கவேண்டும்.

அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. “சிங்கப்பூரில் எங்கே தோண்டினாலும் எம்ஆர்டி ரயில் சுரங்கம்தான் வரும், இதில் என்ன தொல்லியல்” என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நாம் படித்த புத்தகத்தில் 1819-இல் ஆங்கிலேயர் ராஃபிள்ஸ் வந்து இறங்கிய பிறகுதானே இந்தத் தீவுக்கு வரலாறே தொடங்கியது? அதற்கு முன்னால் காடு, ஆற்றோரம் நாலு குடிசை, அவ்வளவுதான். 1984-இல் தொல்லியலாளர் ஜான் மிக்சிக் இங்கே ஃபோர்ட் கேனிங் குன்றில் அகழாய்வு செய்து பதினான்காம் நூற்றாண்டுப் பொருள்களை வெளியே எடுத்தபோது நாம் வேலை, கல்யாணம் என்று ஓடிக்கொண்டிருந்தோம். யார் கவனித்தோம்? இப்போது உயர்நிலைப் பள்ளிப் பாடமே எழுநூறு ஆண்டுக் கதையாக ஆரம்பிக்கிறது.

சேர்ந்த அன்றே கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு படம் எடுக்கலாம் என்று போயிருக்கிறாள். அங்கே இருக்கும் மூத்த அம்மா ஒருவர் ஒரு வாளித் தண்ணீரையும் பல் துலக்கும் பிரஷையும் ஒரு பை நிறைய உடைந்த பானை, பீங்கான் ஓடுகளையும் கொடுத்து உட்காரவைத்துவிட்டார். முதல் சில வாரம் அதுதான் வேலை. கழுவு, காயவை, பீங்கானைத் தனியாக வை, தடித்த ஜாடி ஓட்டைத் தனியாக வை, சாதாரண மண்பானை ஓட்டைத் தனியாக வை, எடை போடு, எந்தக் குழி, எந்த மண்ணடுக்கு என்று சீட்டு எழுதிப் பையில் போடு. வீட்டுக்கு வந்து நகத்தைக் காட்டி அழாத குறை. எனக்கோ அந்த அம்மா மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

ஏன் என்கிறாயா? 2015-இல் எம்பிரஸ் பிளேஸில் தோண்டினார்கள், விக்டோரியா அரங்கத்துப் பக்கம். கிடைத்தது மட்டும் கிட்டத்தட்ட 3 டன். தோண்டி முடிக்கச் சில மாதம் போதும், அதைக் கழுவிப் பிரித்துப் பதிய ஆண்டுக்கணக்கில் ஆகும். ஒரு துண்டு ஓடு எந்த மண்ணடுக்கில், எதனோடு சேர்ந்து கிடந்தது என்பது போய்விட்டால், அது வெறும் அழகான குப்பை. இது கையால் செய்து பார்த்தவளுக்குத்தான் உறைக்கும். உறைத்த பிறகு அவள் பேச்சே மாறிவிட்டது. “700 வருஷப் பழமை, அத்தை!” என்று குதித்தவள், “இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா?” என்று ஆரம்பிக்கிறாள். பொதுமக்களிடம் பேசப்போகிற எந்தப் பிள்ளையையும் முதலில் வாளிக்கு முன்னால் உட்காரவைக்கவேண்டும் என்பது என் கட்சி.

எல்லா இடத்திலும் அப்படி இல்லை. இவளோடு படிக்கும் பையன் ஒருவன் வேறோர் இடத்தில் பயிற்சிக்குப் போனான். கடைசி நாள் வரை ஓர் ஓட்டைக்கூடத் தொட்டதில்லையாம். யாரோ எழுதிக் கொடுத்ததைப் படித்து, பின்னால் இசை சேர்த்து, ஒரு நிமிட வீடியோவாக வெட்டித் தள்ளியிருக்கிறான். பார்வை எண்ணிக்கை எகிறியதாம். சும்மா சொல்லக்கூடாது, வீடியோ நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கீழே ஒருவர் “இது எங்கே கிடைத்தது?” என்று கேட்டிருந்த கேள்விக்கு இவனுக்கே பதில் தெரியவில்லை. மலிவாகக் கிடைக்கிற கை என்று மாணவர்களை எடுத்துக்கொண்டால் இப்படித்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சமூக மன்றத்து மூத்தோர் குழுவை அவள் ஃபோர்ட் கேனிங் குன்றுக்கு அழைத்துப் போனாள், தமிழில் சுற்றிக்காட்ட. நானும் தொற்றிக்கொண்டேன். ஏறி முடிப்பதற்குள்ளேயே ஒருவர் “தங்கம் கிடைத்ததாமே?” என்று கேட்டுவிட்டார். கிடைத்தது உண்மைதான். 1928-இல் குன்றின்மேல் நீர்த்தேக்கத்துக்காக மண் வெட்டிய தொழிலாளர்கள் கண்ணில் தங்க நகைகள் பட்டன. காலனின் முகம் பொறித்த ஒரு கைவளை, ஜாவாவின் மஜாபாகித் பேரரசுக் காலத்துப் பாணி. கீழே தேசிய அரும்பொருளகத்தில் வைத்திருக்கிறார்கள். அதைச் சொல்லிவிட்டு, “ஆனால் தங்கத்தைவிட ஓடுதான் அதிகம் பேசும்” என்று பையிலிருந்து ஒரு பச்சைப் பீங்கான் துண்டின் படத்தை எடுத்தாள். பெரியவர்களின் முகம் சற்று வாடியது.

அங்கேதான் பெண் கெட்டிக்காரத்தனம் செய்தாள். பழைய மலாய் ஏட்டில் ஒரு கதை உண்டு, நீ கேட்டிருக்கிறாயா? கலிங்கத்து ராஜா சுரன் சீனாவைப் பிடிக்கப் பெரும்படையோடு துமாசிக் வரை, அதாவது பழைய சிங்கப்பூர் வரை, வந்துவிட்டான். சீன ராஜா பயந்துபோய், ஒரு கப்பலில் துருப்பிடித்த ஊசிகளையும் காய்த்த பழமரங்களையும் ஏற்றி, பல்லெல்லாம் போன கிழவர்களை மாலுமிகளாக்கி அனுப்பினான். சீனா எவ்வளவு தூரம் என்று கேட்டதற்கு, “புறப்பட்டபோது நாங்கள் சின்னப் பையன்கள், இந்த மரங்கள் அப்போது விதை, இந்த ஊசிகள் இரும்புக் கம்பி” என்றார்களாம் கிழவர்கள். ராஜா சுரன் படையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். குழுவில் பல்செட் போட்ட தாத்தாக்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்துச் சீனச் சுற்றுலாக் குழு திரும்பிப் பார்த்தது. சிரிப்பு அடங்கியதும், “இது கதை. ஆனால் சீனாவிலிருந்து கப்பல் வந்தது கதை இல்லை, இதோ அந்தக் கப்பல் கொண்டுவந்த சாமான்” என்று மறுபடி அந்த ஓட்டின் படத்தைக் காட்டினாள். இந்த முறை எல்லாரும் குனிந்து பார்த்தார்கள்.

அப்புறம் வந்தது பாரேன், நாம் எதிர்பார்க்கிற கேள்வி. “இதெல்லாம் சோழன் கட்டியதுதானே?” கேட்டவர் முன்னாள் தலைமையாசிரியர். அவள் தடுமாறவில்லை. ராஜேந்திர சோழன் 1025-இல் அனுப்பிய படையைப் பற்றித் தஞ்சைக் கல்வெட்டில் கடாரம் வருகிறது, ஸ்ரீவிஜயம் வருகிறது, துமாசிக் என்ற பெயர் இல்லை என்றாள். இந்தக் குன்றில் கிடைத்தவை அதற்கு மூன்று நூற்றாண்டு பிந்தியவை என்றாள். ஆற்று முகத்தில் இருந்த சிங்கப்பூர்க் கல்லைப் பற்றியும் மறைக்கவில்லை. சுமார் 50 வரி எழுத்து இருந்த பாறை அது. 1843-இல் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள், மிஞ்சியிருப்பது துண்டுகள்தான். எழுத்தை இதுவரை யாரும் முழுமையாகப் படிக்கவில்லை. 2019-இல் ஓர் ஆய்வாளர் அதில் ‘கேசரிவ’ என்று வருவதாகவும் அது பரகேசரிவர்மன் என்ற சோழப் பட்டமாக இருக்கலாம் என்றும் சொன்னார். “இருக்கலாம், ஐயா. இன்னும் முடிவாகவில்லை” என்று நிறுத்திக்கொண்டாள்.

தலைமையாசிரியருக்குக் கோபம். “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பற்று போதாது” என்றார். அவளோ நிதானமாக, தமிழர் இந்தக் கடலில் வந்துபோனதற்குச் சந்தேகமே இல்லாத சான்று வேண்டுமா என்று கேட்டு, சுமத்ராவின் பாருஸ் பக்கம் கிடைத்த 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டைச் சொன்னாள். ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் வைத்தது. அதைவிடப் பழைய தமிழ்க் கல்வெட்டு தாய்லாந்தின் தகுவா பாவில் இருக்கிறது, அதில் மணிக்கிராமத்தார் என்ற இன்னொரு வணிகக் குழுவின் பெயர் வருகிறது. ராஜாவைத் தேடிக்கொண்டிருந்த மனிதருக்கு வியாபாரியைக் காட்டிவிட்டாள். அவர் அதைக் குறித்துக்கொண்டு, எழுத்துக்கூட்டச் சொல்லி இரண்டாம் முறை கேட்டார். எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்தது.

இப்போது பெட்ரா பிராங்கா என்ற சின்னத் தீவின் அருகே கடலடியில் கண்டெடுத்த இரண்டு கப்பல்களைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏதோ தயாரிக்கிறாள். ஒன்று பதினான்காம் நூற்றாண்டுக் கப்பல், இன்னொன்று 1796-இல் சீனாவிலிருந்து இந்தியா போகும் வழியில் மூழ்கிய ஷா முன்ச்சா. இப்போதுதான் வேலை பிடிபட்டிருக்கிறது, அதற்குள் பயிற்சிக் காலம் முடியப்போகிறது. அடுத்து வருகிற பிள்ளை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். பழகிய பிள்ளைகளையே அடுத்த விடுமுறைக்கும் கூப்பிட்டால் என்ன? சம்பளமும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. எம்ஆர்டி கட்டணமும் மதியச் சாப்பாடும் போக, கோப்பிக்குத்தான் மிஞ்சும் என்கிறாள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் இந்த வேலைக்கு வரமுடியும் என்றால், நாளை யாருடைய கதையை யார் சொல்வார்கள் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. அண்ணன் இப்போது வாயைத் திறப்பதில்லை. போன வாரம் தன் நண்பரிடம் பாருஸ் கல்வெட்டைப் பற்றித் தானே கண்டுபிடித்ததுபோல அளந்துகொண்டிருந்தார்.

டிசம்பரில் அவளைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கு வருகிறேன். கீழடியைப் பார்க்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். 2023-இல் திறந்த அருங்காட்சியகத்தை மட்டும் இல்லை, அங்கே பிள்ளைகளுக்கு யார் எப்படி விளக்குகிறார்கள் என்று பக்கத்தில் நின்று கேட்கவேண்டுமாம். உன் பள்ளியிலிருந்து மாணவர்களை அழைத்துப் போனதாகச் சொன்னாயே, அந்த ஆசிரியரிடம் பேசிப் பார். எந்தக் கிழமை விடுமுறை, காலையில் எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று கேட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பு. பேரனுக்கு என்ன அளவில் சட்டை வாங்குவது என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
உன் தேக்காத் தோழி